நான்கு விரல் இடைவெளி

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கழகத் தோழி ஒருவர் கேட்டபோது, "மகிழுந்து பற்றி எழுதலாமா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "தாய்மொழி, நட்பு, அன்னையின் தியாகம் இதெல்லாம் நிறைய வந்துருச்சி. நீங்க வண்டியைப் பத்தியே எழுதுங்க" என்றார். நான் எழுத உட்கார்ந்ததும் வண்டியைப் பற்றித்தான். எழுதி முடித்தபின் பார்த்தால், பாதி அப்பாவைப் பற்றியதாக இருக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு அம்பாங்கில் இருக்கிறது. வீட்டு மகிழுந்து, 2008-இல் தயாரான புரோட்டோன் ஜென்-2. நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அப்பா அதைப் பழைய வண்டியாக வாங்கினார். புரோட்டோன் நிறுவனம் 1996-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. பந்தய மகிழுந்துகளுக்குப் பெயர்போன அந்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள் நம் நாட்டு வண்டிகளின் ஓட்டத்தைச் செப்பனிட்டுக் கொடுத்தார்கள். 2004-இல் வெளிவந்த ஜென்-2 அப்படிப் பிறந்த ஒன்று. ஐந்து கதவு, பின்புறம் சரிந்திறங்கும் கூரை, 1.6 லிட்டர் இயந்திரம், 110 குதிரைத்திறன். குடும்பம் முழுக்க ஏறிக்கொண்டு பத்துமலைக்கும் போகலாம். பார்ப்பதற்குப் பந்தய வண்டியின் சாயலும் இருக்கும். அதனால்தான் இன்றும் அதன்மேல் பைத்தியமாய் இருக்கும் இளைஞர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

அந்த வண்டியில் எனக்கு ஒரே ஒரு குறை. சக்கரத்தின் மேற்பகுதிக்கும் அதற்கு மேலுள்ள தகட்டு வளைவுக்கும் இடையே நான்கு விரல் தாராளமாக நுழையும். வண்டி முட்டிவரை கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்பது போல் எனக்குத் தோன்றும். என் நண்பர்களின் வண்டிகளில் இரண்டு விரல்கூட நுழையாது. அவை தரையைத் தழுவிக்கொண்டு நிற்கும். அம்பாங்கிலிருந்து உலு லங்காட்டுக்கு மலைமேல் வளைந்து வளைந்து போகும் சாலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரவில் கோலாலம்பூரின் விளக்குகளைப் பார்ப்பதற்காகக் கூட்டம் கூடும் இடம் அந்த வழியில்தான் உள்ளது. அந்த வளைவுகளில் நண்பர்களின் வண்டிகள் தண்டவாளத்தில் போவது போல் போகும். எங்கள் வண்டி மட்டும் படகு போல் சாயும்.

நான் படிப்பது இயந்திரப் பொறியியல். ஆகவே, இது ஆசையல்ல, அறிவியல் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன்.

சுருள்வில் பற்றிய ஹூக் விதியை நான் படித்தது 2020-இல், ஐந்தாம் படிவத்தில். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின் காரணமாகப் பள்ளி மூடியிருந்த நேரம். வீட்டில் இணையம் சரியாக வராததால் மகிழுந்தில் உட்கார்ந்து, ஆசிரியர் மலாய்மொழியில் நடத்திய பாடத்தைக் கைப்பேசியில் கேட்டேன். ராபர்ட் ஹூக் 1678-இல் அச்சிட்டு வெளியிட்ட விதி அது. இழுப்பும் விசையும் ஒரே விகிதத்தில் வளரும். ஒரு சுருளை 1 செ.மீ. அமுக்க 20 கிலோ எடை தேவையென்றால், 2 செ.மீ. அமுக்க 40 கிலோ தேவை. அன்று எனக்குக் கீழே நான்கு சுருள்கள் என்னைத் தாங்கிக்கொண்டிருந்தன. அது அப்போது என் நினைவுக்கு வரவே இல்லை.

பல்கலைக்கழகத்தில் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் படித்தோம். சுருளின் விறைப்பு, கம்பியின் தடிமனை நான்காம் அடுக்காகப் பின்தொடர்கிறது. 12 மி.மீ. கம்பியை 13 மி.மீ. ஆக்கினால், மற்ற அளவுகள் மாறாதவரை, விறைப்பு ஏறக்குறைய 38 விழுக்காடு கூடிவிடும். சுற்றுகள் குறைந்தாலும் விறைப்பு கூடும். வண்டியை இறக்குவதற்கென்று விற்கும் சுருள்கள் குட்டையானவை மட்டுமல்ல, விறைப்பானவையும்கூட. குட்டையாக மட்டும் இருந்தால் குழியில் விழும்போது அடிப்பகுதி தரையில் தட்டும். எனவே விறைப்பைக் கூட்டித்தான் ஆக வேண்டும். சிலர் காசை மிச்சப்படுத்தப் பழைய சுருளையே ஒரு சுற்று வெட்டி மாட்டிக்கொள்வார்கள். தீயில் வெட்டினால் எஃகின் பதம் கெட்டுப் பின்னாளில் உடையும். அந்த முட்டாள்தனத்தை மட்டும் நான் செய்யவில்லை. பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் 450 வெள்ளிக்குப் புதுச் சுருள்கள் நான்கு வாங்கினேன். 30 மி.மீ. இறங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது.

2025 பிப்ரவரி, தைப்பூசத்திற்கு அடுத்த ஞாயிறு. வீட்டு முன்கூடத்தில் வேலையைத் தொடங்கினேன். துணைக்கு ஒரு நண்பன். சுருளை அமுக்கும் கருவியைத் தெரிந்த பட்டறை அண்ணன் ஒருவரிடம் இரவல் வாங்கியிருந்தோம்.

அப்பா ஒரு நெகிழி நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டியவர். நீரிழிவு அவருடைய சிறுநீரகங்களைத் தின்றுவிட்டது. 2021 முதல் வாரத்திற்கு மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, நாளுக்கு நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அறுவை செய்திருக்கிறார்கள். அந்த இடம் சிறு மேடுபோல் புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே ஓர் இயந்திரம் ஓடுவது போல் அதிரும்.

"என்னா செய்யப் போற?"

"வண்டிய கொஞ்சம் எறக்கப் போறேன்ப்பா. வளைவுல நல்லா நிக்கும்."

"லாரிய எறக்கணும்னா நாங்க சரக்க ஏத்துவோம்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

வண்டியைத் தூக்கி, தாங்கிகளின்மேல் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினோம். தடைக்குழாயைப் பிடித்திருக்கும் கவ்வியை விடுவித்து, கீழே இரண்டு போல்ட், மேலே மூன்று நட்டுகளைக் கழற்றினால் சுருளும் அப்சோர்பரும் ஒன்றாகக் கையோடு வந்துவிடும். இனிதான் ஆபத்து. அப்சோர்பரின் உச்சியில் நடுவே ஒரு நட்டு இருக்கிறது. அமுங்கிய சுருளைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். சுருளில் சேரும் ஆற்றல், அமுக்கத்தின் இருமடியாகப் பெருகும். இருமடங்கு அமுக்கினால் நான்கு மடங்கு ஆற்றல். கருவியால் சுருளை இறுக்கிப் பிடிக்காமல் அந்த நட்டைக் கழற்றினால், அது முகத்தை நோக்கிப் பாயும். நண்பன் ஆர்வத்தில் ஸ்பேனரை அந்த நட்டில் வைத்துவிட்டான்.

"அத தொடாத!"

அப்பா எழுந்தே விட்டார். நோய் வந்தபின் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "மொதல்ல சுருள அமுக்கு. ரெண்டு பக்கமும் சமமா. அது கையில ஆடணும், அப்பத்தான் நட்டுல கைய வைக்கணும்."

'சுருள்' என்றுதான் சொன்னார். நான் 'ஸ்ப்ரிங்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர் அவர்.

மாலை ஐந்து மணிக்கு நான்கு மூலையும் முடிந்தது. அம்மா கொடுத்த மைலோவைக் குடித்துக்கொண்டே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல். பழைய சுருள்களைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்றேன். "பழச தூக்கிப் போடாத" என்றார் அப்பா. அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை.

சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்து முடித்ததும் அன்றிரவே மலைச்சாலைக்குப் போனேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த முதல் ஓட்டம் இனித்தது. சுக்கானைத் திருப்பிய மறுகணமே வண்டியின் மூக்கு திரும்பியது. படகுச் சாய்வு போய்விட்டது. ஏதோ என் உடம்பே இறுகியது போல ஓர் உணர்வு. அறிவியல் என்னோடு இருக்கிறது என்று பூரித்துப் போனேன்.

அந்த அறிவியலை ஒழுங்காகக் கணக்கிட்டது பிறகுதான். எங்கள் வகை மகிழுந்தின் எடைமையம் தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அதில் 3 செ.மீ. குறைந்தால் வளைவில் ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மறுபக்கத்திற்கு மாறும் பாரம் ஆறு விழுக்காடு அளவுக்கே குறையும். நான் உணர்ந்த இறுக்கத்தில் பெரும்பகுதி தாழ்வினால் வந்ததல்ல, விறைப்பினால் வந்தது. மேலும், வண்டி இறங்கும்போது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் சாய்வும் மாறும். அதனால் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். ஆகவே தாழ்வினால் கிடைத்த ஆதாயத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடுகிறது. லோட்டஸ் பொறியியலாளர்கள் இவையெல்லாம் தெரிந்துதான் அந்த நான்கு விரலை விட்டிருந்தார்கள். நான் அதைக் குறை என்று எண்ணிக்கொண்டேன்.

வார நாள்களில் நான் விடுதியில் இருப்பேன். செவ்வாயும் வியாழனும் அம்மா ஓட்டுவார். சனிக்கிழமை என் முறை. வீட்டிலிருந்து சுத்திகரிப்பு நிலையத்திற்குப் போகும் வழியில் ஒன்பது வேகத்தடைகள். அதற்குமுன் அவற்றை நான் எண்ணியதே இல்லை. அம்பாங் ஈயம் தோண்டிய மண். 1857-இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சுரங்கத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் வந்திறங்கி, காட்டுக்குள் நடந்து ஈயம் தேடி வந்த இடம் இது. அவர்களில் பெரும்பாலோர் ஒரு மாதத்திற்குள் காய்ச்சலில் மாண்டனர் என்று வரலாறு சொல்கிறது. இன்று எங்கள் பக்கத்துச் சாலைகளில் மேடும் பள்ளமும் ஒட்டும் கூடுதல். அவற்றுக்குமேல் இந்த ஒன்பது.

புதுச் சுருள்கள் மாட்டியபின் ஒவ்வொரு தடையிலும் வண்டி 'டக்'கென்று இடித்தது. அப்சோர்பர் பதினேழு வயதானது. அதன் தண்டு ஏற்கெனவே பாதிக்கு மேல் உள்ளே போய்விட்ட நிலையில், மீதியுள்ள சிறு தூரத்தில் ஒரு விறைப்பான சுருளை அதனால் அடக்க முடியவில்லை. கடைசியில் ரப்பர் முட்டில் போய் மோதியது. நான் மெதுவாக ஓட்டினேன். அப்பா ஒன்றும் சொல்லாததால், அவருக்கு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சுத்திகரிப்பு முடிந்து ஊசிகளை எடுத்து, அழுத்திப் பிடித்து, துணி வைத்து ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அன்று அப்பா மிகவும் களைத்திருந்தார். ஐந்தாவது தடையைக் கவனிக்கவில்லை, கொஞ்சம் வேகமாக ஏறிவிட்டேன். வண்டி துள்ளியது. அப்பா தடுமாறிக் கதவின் கைப்பிடியைப் பற்றினார். நம் நாட்டில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்பவரின் இடப்பக்கம்தான் கதவு. அவர் பற்றியது இடது கையால்.

சிறிது தூரம் போனதும், "தம்பி, வண்டிய ஓரங்கட்டு" என்றார். திரும்பிப் பார்த்தேன். வெள்ளைத் துணி முழுவதும் சிவப்பு. முழங்கை வழியாக இரத்தம் இருக்கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

மூடியிருந்த ஒரு கடைக்கு முன்னால் நிறுத்தினேன். கை நடுங்க நிலையத்திற்கு அழைத்தேன். தாதி நிதானமாகச் சொன்னார். துளையின் மேல் விரலை வைத்து அழுத்த வேண்டும், இடையிடையே எடுத்துப் பார்க்கக் கூடாது, பதினைந்து நிமிடம். "ரொம்பவும் அழுத்திறாதீங்க தம்பி. இரத்தம் நிக்கணும், ஆனா உள்ளே அந்த அதிர்வு உங்க விரலுக்குத் தெரிஞ்சிக்கிட்டே இருக்கணும். அது நின்னுட்டா இணைப்பு அடைச்சிக்கும்."

அப்படியே செய்தேன். அந்தப் பதினைந்து நிமிடமும் அப்பாவின் உயிர் என் விரலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தம் கூடினால் அதிர்வு மங்கியது. தளர்த்தினால் ஈரம் பட்டது. எத்தனையோ நட்டுகளை இறுக்கிய கை இது. இவ்வளவு கவனமாய் எதையும் அது இறுக்கியதில்லை. அப்பா என்னைப் பார்த்து, "ஒன்னுமில்லடா, இது அப்பப்ப வர்றதுதான்" என்றார். நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தார் போலும். நினைத்தது சரிதான்.

அன்றிரவு தங்கை சொன்னாள்: "ஒனக்குத் தெரியாதாண்ணே? நீ ஸ்ப்ரிங் மாத்துனதுலேர்ந்து அப்பா அந்த வழியா போகவே வேணாங்கிறாரு. அம்மாவ சுத்திப் பெரிய ரோட்டுல போகச் சொல்றாரு. சனிக்கிழம மட்டும்தான் அந்த வழி."

சனிக்கிழமை மட்டும் ஏன்? என் முறை என்பதால். சுற்றிப் போகச் சொன்னால் காரணம் கேட்பேன். காரணம் சொன்னால் வருந்துவேன். அதற்காக மூன்று மாதம் சனிக்கிழமை தவறாமல் ஒன்பது தடைகளையும் வாய் திறக்காமல் தாங்கியிருக்கிறார்.

மறுநாள் காலை அவரிடம் கேட்டேன். "ஏன்ப்பா சொல்லல?"

"ஆசையா செஞ்ச. ஒன் காசு. ஒன் வேல. நல்லாத்தான் செஞ்சிருந்த, ஒரு நட்டுகூட தளரல" என்றார். வேலையைப் பாராட்டிவிட்டு நாளிதழைப் புரட்டத் தொடங்கினார்.

என் கணக்கில் வண்டியின் எடை இருந்தது. ஐந்து பேரின் எடைகூட இருந்தது. அப்பாவின் கை இல்லை. எந்தச் சூத்திரத்திலும் அதற்கு ஓர் எழுத்து கிடையாது. ஆனால் அந்த வண்டியை நாங்கள் வைத்திருப்பதே அந்தக் கையைச் சுமந்து போவதற்குத்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாகனத்தின் அமைப்பை இப்படி மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெற வேண்டும். நான் பெறவில்லை. "எல்லாரும் செய்றாங்கலா" என்று நண்பர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். ஏதேனும் விபத்து நேர்ந்து, காப்புறுதியில் சிக்கல் வந்திருந்தால், அந்த எல்லாரும் வந்து நிற்கப் போவதில்லை.

ஜூன் விடுமுறையில் மீண்டும் வண்டியைத் தூக்கினேன். பழைய சுருள்களை எங்கே போட்டோம் என்று தேடியபோது, அப்பா மாடிப்படிக்குக் கீழே கையைக் காட்டினார். நான்கும் வரிசையாக நின்றன. துருப்பிடிக்காமல் எண்ணெய் துடைத்து, தமிழ் நாளிதழில் சுற்றி, நூலால் கட்டியிருந்தார். ஒவ்வொன்றின் மேலும் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் மையால் எழுதியிருந்தது: முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. பதினேழு ஆண்டு ஒரே மூலையில் உட்கார்ந்த சுருள் அந்த மூலைக்கேற்பத் தணிந்திருக்கும். மாற்றி மாட்டினால் வண்டி கோணலாக நிற்கலாம். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

"நான் திரும்ப மாத்துவேன்னு தெரியுமாப்பா?"

"அது தெரியாது. வண்டிய விக்கிறப்ப வாங்குறவன் பழசக் கேப்பான்ல."

புதுச் சுருள்களை ஒரு நண்பனுக்கு 250 வெள்ளிக்குக் கொடுத்தேன், அவன் வீட்டில் யாரெல்லாம் வண்டியில் ஏறுவார்கள் என்று கேட்டுவிட்டுத்தான். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, தயாரிப்பாளரின் அளவிலேயே நான்கு புது அப்சோர்பர்கள் வாங்கினேன். இம்முறை அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் மாட்டினேன். சுருளின் வால்முனை அதன் படியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்து, "ம்" என்றபிறகே நட்டை இறுக்கினேன்.

முடித்து ஓட்டிப் பார்த்தபோது வியந்து போனேன். வண்டி கொஞ்சம் சாய்கிறது, உண்மை. ஆனால் சாய்ந்தபின் ஆடுவதில்லை. அப்படியே நின்று வளைவை முடிக்கிறது. இத்தனை நாளும் படகாக இருந்ததற்குக் காரணம் சுருளின் உயரம் அல்ல, தேய்ந்துபோன அப்சோர்பர். நோய் ஓரிடம், நான் மருந்து போட்டது வேறிடம். முதலிலேயே அப்பாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் தம்பிகளில் வண்டியை இறக்கும் ஆசை உள்ளவர்கள் இருப்பீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த இனிப்பு எனக்கும் தெரியும். முதலில் அப்சோர்பரைப் பாருங்கள். அனுமதி வாங்குங்கள். சுருளை வெட்டாதீர்கள். நடு நட்டை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பக்கத்து இருக்கையில் உட்காருபவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் ஒன்றுமில்லை என்று சொன்னால், இன்னொரு முறை கேளுங்கள்.

இப்போதும் சனிக்கிழமை என் முறைதான். ஒன்பது தடைகள் அப்படியே இருக்கின்றன. போன வாரம் வீடு திரும்பும்போது ஏழாவது தடையைத் தாண்டிவிட்டுப் பக்கத்தில் பார்த்தேன். அப்பாவின் இடது கை மடியில் கிடந்தது. அவர் தூங்கிப் போயிருந்தார். மீதி இரண்டையும் நான் இன்னும் மெதுவாக ஏறி இறங்கினேன்.